படத்தைப் புள்ளியாக்கும் ஸ்கிரிப்ட் மக்கர் பண்ணும்போது

ஒரு போட்டோவைக் கொடுத்தால் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வண்ணப் புள்ளி வைத்துத் திருப்பித் தரும் ஸ்கிரிப்ட் எழுதுவது பெரிய வித்தையில்லை. பைத்தானும் அதில் படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரியும் இருந்தால் நாற்பது வரிக்குள் முடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். வந்த படம் ஏன் வெளுத்திருக்கிறது, ஏன் படுத்திருக்கிறது, சித்தப்பாவின் முகம் ஏன் நீலமாக இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் அடுத்த நாலு ஞாயிறு வேண்டியிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

அந்த நாலு ஞாயிறுகளில் தெரிந்துகொண்டதை அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் படத்தில் தெரியும் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதிலும் கைவைக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. சோதனைக்குக் குடும்பப் போட்டோவை எடுக்காதீர்கள். தெரிந்த முகம் என்றால் கண் தானாகவே குறையை நிரப்பிக்கொள்ளும். கோளாறு எங்கே என்று சொல்லாது. இரண்டு சோதனைப் படங்கள் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கருப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை. பில்லோவில் ‘லீனியர் கிரேடியன்ட்’ என்ற ஃபங்ஷன் 256க்கு 256 அளவில் இதை ஒரே வரியில் தந்துவிடும். இன்னொன்று, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பட்டைகள், இடது மேல் மூலையில் பெரிதாக ஒரு ‘க’. நிறம் மாறினாலும், படம் திரும்பினாலும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். கீழே ‘பட்டையை ஓட்டிப் பாருங்கள்’ என்று சொல்லும்போதெல்லாம் இவற்றைத்தான் சொல்கிறேன்.

## கட்டளையைத் தட்டியதுமே பிழை

‘பிஐஎல் என்ற மாட்யூல் இல்லை’ என்று வந்தால், பில்லோ நிறுவப்படவில்லை. அல்லது வேறொரு பைத்தானுக்குள் நிறுவப்பட்டிருக்கிறது. நிறுவும்போது பெயர் பில்லோ, ஸ்கிரிப்டுக்குள் அழைக்கும்போது பெயர் பிஐஎல். பிஐஎல் என்ற பழைய லைப்ரரி 2009இல் 1.1.7 பதிப்போடு நின்றுபோனது. அதிலிருந்து கிளைத்து வந்ததுதான் பில்லோ. பழைய ஸ்கிரிப்டுகள் உடையக்கூடாது என்று அழைக்கும் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான் இருப்பது சகஜம் என்பதால், லைப்ரரிகளை நிறுவும் ‘பிப்’ கட்டளையைத் தனியாகத் தட்டாமல், எந்தப் பைத்தானால் ஸ்கிரிப்டை ஓட்டுகிறீர்களோ அதன் பெயரையே முதலில் போட்டு ‘ஹைஃபன் எம் பிப்’ என்று தொடருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

புதிய டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் பிப் நிறுவவே மறுத்து, இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லும். அதை வம்படியாக மீறும் ஒரு ஆப்ஷனும் உண்டு. வேண்டாம். ‘வென்வ்’ கொண்டு ஒரு தனிச்சூழல் உண்டாக்கி அதற்குள் நிறுவுங்கள். ஒரு நிமிட வேலை.

‘ஆன்டிஅலையாஸ் என்ற பண்பு இல்லை’ என்று வந்தால் ஸ்கிரிப்ட் பழையது, பில்லோ புதிது. 2023இல் வந்த பத்தாம் பதிப்பில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். அதே வேலையைச் செய்யும் ‘லான்சோஸ்’ என்று மாற்றினால் போதும்.

பைத்தானே வேண்டாம், கட்டளை தட்டியே படத்தை மாற்றித் தரும் இமேஜ்மேஜிக் இருக்கிறதே என்று போகிறவர்களுக்கு விண்டோஸில் ஒரு குழி காத்திருக்கிறது. பழைய வழிகாட்டிகள் எல்லாம் ‘கன்வர்ட்’ என்ற கட்டளையில்தான் தொடங்கும். விண்டோஸிலோ அதே பெயரில் வேறொரு நிரல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது: வன்தட்டின் கோப்பு முறையை ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றும் கருவி! உங்கள் ஜேபெக் கோப்பைப் பார்த்து அது ‘தவறான அளவுரு’ என்று முறைக்கும். இமேஜ்மேஜிக் ஏழாம் பதிப்பிலிருந்து கட்டளையின் பெயர் ‘மேஜிக்’. அதையே பழகிக்கொள்ளுங்கள்.

## கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஸ்கிரிப்ட் ‘இல்லை’ என்கிறது

பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடவேண்டும். இது பலருக்கும் தெரியும். தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு என்றே இன்னொரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லும் ஆட்கள் குறைவு.

‘கோலம்’ என்று ஒரு கோப்பு. அதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். மேக்கில் முன்பு இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து பென்டிரைவில் வந்த ‘கோலம்’ கோப்பை உங்கள் விசைப்பலகையில் தட்டி அழைத்தால், சேர்த்து எழுதிய ‘கோலம்’ என்று தேடி, இல்லை என்று வந்துவிடும். கொ, கோ, கௌ வரிசை எழுத்துகளிலும் ஔவிலும் மட்டும்தான் இந்த வம்பு. ‘படம்’ என்று பெயர் வைத்தால் வராது.

பெயரைத் தட்டாமல், கொம்பும் காலும் இல்லாத வெறும் ‘க’வை மட்டும் கொடுத்து டேப் விசையை அழுத்துங்கள், டெர்மினலே சரியான பெயரை நிரப்பும். ஸ்கிரிப்டுக்குள் நிரந்தரமாகத் தீர்க்க வேண்டுமென்றால் பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலில் உள்ள ‘நார்மலைஸ்’ கொண்டு இரண்டு பக்கப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்.

## பின்னணி நிறத்தைக் கொடுத்தால் ‘மதிப்பு தரவில்லை’ என்கிறது

நிறத்தை ஹேஷ் (#) குறியோடு கொடுத்திருப்பீர்கள். டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளைப் படிக்கும் பாஷ் ஷெல்லில், ஒரு சொல்லின் தொடக்கத்தில் ஹேஷ் வந்தால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறும் குறிப்புரை. நிறம் மட்டுமில்லை, அதற்குப் பின்னால் நீங்கள் எழுதிய ஆப்ஷன்களும் ஸ்கிரிப்டுக்குப் போய்ச் சேராது. ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் தீர்ந்தது. பின்னணி கடைசி ஆப்ஷனாக இல்லாமல் நடுவில் இருந்தால்தான் குழப்பம் அதிகம்: சில ஸ்கிரிப்டுகள் ‘வெளியீட்டுக் கோப்பு எங்கே’ என்று வேறு எதையோ கேட்கும், நீங்கள் அங்கே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

## படம் படுத்துக்கொண்டது

செல்பேசியில் நிமிர்த்தி எடுத்த படம், புள்ளியானதும் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. செல்பேசி பிக்சல்களைத் திருப்பிச் சேமிப்பதில்லை. ‘என்னைத் திருப்பிக் காட்டு’ என்று படக் கோப்போடு சேர்ந்து வரும் எக்ஸிஃப் குறிப்பில் ஓர் எண்ணை மட்டும் எழுதி வைக்கிறது. 1 முதல் 8 வரை அந்த எண் இருக்கலாம். 6 என்றால் வலப்புறமாகக் கால் சுற்று. படம் பார்க்கும் செயலிகள் அதை மதிக்கும், உங்கள் ஸ்கிரிப்ட் மதிக்காது. படத்தைத் திறந்த அடுத்த வரியிலேயே ‘இமேஜ்ஆப்ஸ்’ஸின் ‘எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்’ஸைக் கூப்பிட்டுவிடுங்கள்.

படம் திரும்பவில்லை, மூலைவிட்டமாகப் புரண்டிருக்கிறது என்றால் கதை வேறு. பில்லோ அளவைச் சொல்லும்போது அகலம் முதலில், உயரம் பிறகு. பைத்தானில் எண் கணக்குக்கான நம்பை லைப்ரரியின் அணியில் உயரம் முதலில், அகலம் பிறகு. எங்கோ ஓரிடத்தில் இரண்டையும் மாற்றிப்போட்டிருக்கிறீர்கள். சதுரப் படத்தில் சோதித்தால் பிழைச் செய்தியே வராது. புரண்ட படம் மட்டும் வரும். ‘க’ எழுதிய பட்டை இதற்குத்தான்.

## நிறங்கள் இடம் மாறிவிட்டன, அல்லது வெளிச்சத்தில் பொரி பொரியாக ஏதோ

தோல் நீலமாகவும் வானம் ஆரஞ்சாகவும் வந்தால் படத்தை ஓப்பன்சிவி என்ற இன்னொரு பட லைப்ரரியில் திறந்து பில்லோவில் எழுதுகிறீர்கள். ஓப்பன்சிவி நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தரும். பில்லோவுக்குச் சிவப்பு முதலில் வேண்டும். வரிசையைத் திருப்புங்கள்.

படம் பெரும்பாலும் சரி, ஆனால் வெள்ளைச் சட்டை, நெற்றி, விளக்கு போன்ற பளிச்சென்ற இடங்களில் மட்டும் சம்பந்தமில்லாத இருண்ட நிறங்கள் தெறித்தால், எட்டு பிட் எண் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். நம்பையில் படம் 0 முதல் 255 வரைதான் கொள்ளும் எண்களாக வருகிறது. அதில் 200உடன் 100ஐக் கூட்டினால் 300 வராது, 44 வரும். வெளிச்சத்தைக் கூட்டும் வரிக்கு முன்னால் எண்களைத் தசமமாக மாற்றி, கணக்கெல்லாம் முடிந்ததும் 0க்கும் 255க்கும் இடையில் வெட்டி, கடைசியில் எட்டு பிட்டுக்குத் திரும்புங்கள்.

பின்னணி ஒளிபுகும் பிஎன்ஜி கோப்பு என்றால் காலியாக இருக்கவேண்டிய இடமெல்லாம் கருப்புப் புள்ளியாக நிரம்பும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்கு மட்டும் உள்ள ஆர்ஜிபிக்கு மாற்றும்போது ஒளிபுகும் தன்மையைச் சொல்லும் நாலாவது அடுக்கு உதிர்ந்துபோய், அதன் அடியில் இருந்த நிறம் (பெரும்பாலும் கருப்பு) மேலே வந்துவிடுகிறது. முதலில் ஒரு வெள்ளைப் படத்தின் மேல் ஒட்டி, பிறகு மாற்றுங்கள். அந்த நாலாவது அடுக்கோடு ஜேபெக்காகச் சேமிக்கப் போனால் பில்லோ மறுத்துவிடும். ஜேபெக்கில் அதற்கு இடமில்லை.

## படம் வெளுத்துப்போகிறது

இந்த விளையாட்டின் உயிரே இங்குதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வெள்ளைப் பின்னணியில் கருப்புப் புள்ளிகள். இருட்டான கட்டத்துக்குப் பெரிய புள்ளி, வெளிச்சமான கட்டத்துக்குச் சின்னப் புள்ளி. எல்லோரும் முதலில் எழுதும் வரி ஒன்றுதான்: இருட்டு எவ்வளவோ ஆரம் அவ்வளவு. நானும் அதையே எழுதினேன். படம் மாவு தூவியது போல வந்தது. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன், மூலப்படத்தை இருட்டாக்கினேன், கேமராவைத் திட்டினேன். கோளாறு என் வரியில்.

கண் பார்ப்பது புள்ளியின் ஆரத்தை இல்லை, பரப்பை. ஆரம் பாதியானால் பரப்பு கால். 20 பிக்சல் கட்டத்தில் முழு இருட்டுக்கு 10 பிக்சல் ஆரம் என்று வைத்தால், நடுச்சாம்பலுக்கு ஆரம் 5. அந்த வட்டம் கட்டத்தில் சுமார் 20 சதவீதத்தை மட்டுமே மறைக்கிறது. மீதி 80 சதவீதம் வெள்ளை. பாதி இருட்டு கேட்ட இடத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மை கிடைத்தால் வெளுக்காமல் என்ன செய்யும்?

சரி, கட்டத்தின் பரப்பில் பாதியை மறைப்போம் என்று வர்க்கமூலம் போட்டால் ஆரம் 8 ஆகிறது. படம் உடனே தெளியும். பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அறையின் மறுமுனைக்குப் போய்ப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வெளுப்பாகவே தெரியும்.

காரணம், நடுச்சாம்பலுக்குக் கோப்பில் உள்ள 128 என்ற எண் ‘பாதி வெளிச்சம்’ இல்லை. எஸ்ஆர்ஜிபி முறையில் எண்கள் கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைத்து எழுதப்பட்டவை. 128 எண்ணுக்குத் திரை உமிழ்வது முழு வெளிச்சத்தில் சுமார் 21.6 சதவீதம்தான். உண்மையான பாதி வெளிச்சத்துக்கு எண் 188 அளவுக்குப் போகவேண்டும். தூரத்திலிருந்து பார்க்கையில் புள்ளியும் வெள்ளையும் கண்ணுக்குள் கலப்பது வெளிச்சமாகத்தான், எண்ணாக இல்லை. ஆகவே 128ஐக் காட்ட 21.6 சதவீதம் வெள்ளை விட்டு, 78.4 சதவீதத்தைக் கருப்பால் மூடவேண்டும். கட்டத்துக்குள் சரியாக அடங்கும் வட்டம் மூடுவது பை (π) என்ற எண்ணில் நாலில் ஒரு பங்கு, அதாவது 78.5 சதவீதம். ஆரம் 10. நடுச்சாம்பலில் புள்ளிகள் ஒன்றையொன்று தொடவேண்டும் என்பதுதான் கணக்கு. 5, 8, 10 என்ற இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு உங்கள் ஸ்கிரிப்ட் எதைப் போடுகிறது என்று பட்டையை ஓட்டிப் பாருங்கள்.

அப்படியானால் நடுச்சாம்பலைவிட இருட்டான இடங்களுக்கு என்ன செய்வது? வட்டம் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்து வட்டத்தின் மேல் ஏறத்தான் வேண்டும். மூலை வரை நிரப்ப ஆரம் கட்டத்தின் 0.707 மடங்கு ஆகும். 20 பிக்சலுக்கு 14க்குச் சற்று மேல். தொட்ட பிறகு பரப்புக்கான சூத்திரம் மாறிவிடும். அதை வடிவியல் போட்டுத் தீர்க்க முனைந்து ஒரு மாலையைத் தொலைத்தேன். அதற்குப் பதில் பெரிய கட்டம் ஒன்றில் ஆரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வரைந்து, எத்தனை பிக்சல் கருத்தது என்று எண்ணி ஓர் அட்டவணை செய்துகொள்ளுங்கள். பிறகு வேண்டிய பரப்புக்கு உரிய ஆரத்தை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வேடிக்கை. கருப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளி வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே தெரியாது. அங்கேயும் ‘வெளிச்சம் எவ்வளவோ ஆரம் அவ்வளவு’ என்ற தப்பான வரிதான். 128க்கு வெள்ளைப் பரப்பு சுமார் 20 சதவீதம் வருகிறது. வேண்டியது 21.6. இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி. அதனால்தான் பின்னணியைக் கருப்பாக்கியதும் படம் ‘தானாக’ நன்றாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறையின் மறுமுனையிலிருந்து சரியாகத் தெரியும் படம், செல்பேசியில் சின்னதாக்கிப் பார்த்தால் இருட்டாகத் தெரியும். பெரும்பாலான செயலிகள் படத்தைச் சுருக்கும்போது எண்களைத்தான் சராசரி எடுக்கின்றன, வெளிச்சத்தை இல்லை. பாதி கருப்பு பாதி வெள்ளை கண்ணுக்கு 188. சுருக்கும் செயலிக்கு 128. இரண்டையும் ஒரே கோப்பில் திருப்திப்படுத்த முடியாது. படம் சுவரில் மாட்டப்போகிறது என்றால் வெளிச்சக் கணக்கு. சின்ன முகப்புப் படமாக மட்டுமே போகிறது என்றால் வெறும் பரப்புக் கணக்கு. என் ஸ்கிரிப்டில் இதற்கு ஒரு தனி ஆப்ஷனே வைத்துவிட்டேன்.

## நிறம் இருக்கிறது, ஆனால் உயிரில்லை

எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, நிறம் மட்டும் மாறும் வகையில் இது அதிகம். கட்டத்தை நிரப்பும் மிகப்பெரிய வட்டம்கூட 21.5 சதவீதத்தைப் பின்னணிக்கு விட்டுவிடுகிறது என்று பார்த்தோம். வெள்ளைப் பின்னணி என்றால் ஒவ்வொரு நிறத்திலும் அவ்வளவு வெள்ளை கலக்கிறது. புள்ளிகளைத் தேன்கூடு போல ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரைக் கட்டம் நகர்த்தி, வரிசை இடைவெளியை 0.866 மடங்காகக் குறைத்தால் மூடும் பரப்பு 90.7 சதவீதத்துக்கு ஏறும். இடுக்குப் புள்ளிக் கோலத்தில் வரிசைகள் அடுத்தடுத்து விலகி நிற்குமே, அதே அமைப்புதான். கண்ணுக்கும் நேர்க்கட்டத்தைவிட இதமாக இருக்கிறது என்பது என் கட்சி.

மிச்சக் குறை சராசரி எடுப்பதில் வருகிறது. பச்சை இலையும் சிவப்புப் பூவும் ஒரே கட்டத்தில் விழுந்தால் சராசரி சேற்று நிறம்தான். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884 முதல் 1886 வரை லா கிராண்ட் ஜாட் தீவின் ஞாயிறு மதியத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்தாரே, கண்ணுக்குள் கலக்கும் நிறம் தட்டில் கலப்பதைவிடப் பிரகாசமாக இருக்கும் என்பது அந்தப் பாணியின் நம்பிக்கை. கண்ணுக்குள் நடப்பதும் ஒருவகைச் சராசரிதான். அது தானாக ஒளியைக் கூட்டித் தராது. கட்டத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது சராசரி எடுத்த பிறகு ‘இமேஜ்என்ஹான்ஸ்’ஸில் நிறச்செறிவை 1.3, 1.4 மடங்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிடும்.

## நாலு மை பிரித்ததும் படம் மஞ்சளாகிறது, கருப்பு அடுக்கு காலியாக வருகிறது

அச்சுப் பாணியில் நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலு அடுக்கு போடுகிறவர்களுக்கு.

பில்லோவில் சிஎம்ஒய்கே என்ற இந்த நாலு மை முறைக்கு நேரடியாக மாற்றினால், அது ஒவ்வொரு நிறத்தையும் 255இலிருந்து கழித்துவிட்டு, கருப்புக்குப் பூஜ்யம் போட்டுவிடும். பிழை இல்லை, அதன் வழக்கமே அப்படி. மூன்று மையிலும் எது குறைவோ அதைக் கருப்பாக எடுத்துக்கொண்டு, மூன்றிலிருந்தும் அதைக் கழியுங்கள்.

கடைசியாக வரைந்த மை, உதாரணத்துக்கு மஞ்சள், மற்றதையெல்லாம் மூடிவிட்டால், அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுகிறீர்கள். மை ஒட்டுவதில்லை; ஒளியை வடிகட்டுகிறது. ஒவ்வொன்றையும் தனி வெள்ளைத் தாளில் வரைந்து ‘இமேஜ்சாப்ஸ்’ஸின் ‘மல்டிப்ளை’ கொண்டு பெருக்குங்கள்.

## அலை அலையாகக் கோடுகள்

நாலு அடுக்கையும் ஒரே கோணத்தில் வைத்தால் இப்படித்தான் வரும். அச்சகங்கள் பல காலமாகப் பயன்படுத்தும் கோணங்கள்: நீலப்பச்சைக்கு 15 பாகை, மெஜந்தாவுக்கு 75, கருப்புக்கு 45, மஞ்சளுக்கு 0. வலுவான மூன்று மையும் 30 பாகை விலகி நின்றால் அலை சுருங்கிச் சின்ன ரோஜா வடிவமாகிவிடும், அது கண்ணை உறுத்தாது. மஞ்சளுக்குக் கிடைப்பது 15 பாகை இடைவெளிதான். அது வெளிறிய மை என்பதால் தப்பித்துக்கொள்கிறது. கட்டத்தைச் சாய்க்க அடுக்கைச் சுழற்றிப் புள்ளி வைத்துத் திரும்பச் சுழற்றுகிறீர்கள் என்றால் ‘எக்ஸ்பாண்ட்’ ஆப்ஷனை மறக்காதீர்கள். மறந்தால் நாலு மூலையும் வெட்டுப்பட்டு வரும்.

ஒரே அடுக்குதான், ஆனாலும் அலை என்றால் முதலில் படத்தை நூறு சதவீத அளவில் பாருங்கள். அங்கே அலை இல்லையென்றால் கோப்பு சரி, சுருக்கிக் காட்டும் செயலிதான் காரணம். நூறு சதவீதத்திலும் இருந்தால் மூலப்படத்தில் ஏதோ ஒன்று ஏற்கெனவே வரிசையாக இருக்கிறது: ஜன்னல் கம்பி, பட்டுப் புடவையின் கட்டம், முக்கியமாக, பழைய பத்திரிகையிலிருந்து ஸ்கேன் செய்த படம். அதில் அச்சுப் புள்ளி ஏற்கெனவே உண்டு. செய்தித்தாளில் அங்குலத்துக்கு 85 வரிசை, வழவழப்பான இதழ்களில் 133 முதல் 150 வரை என்பது வழக்கம். அந்தப் புள்ளி மறையும் அளவுக்கு முதலில் காஸியன் மங்கலாக்கம் செய்துவிட்டுப் பிறகு உங்கள் புள்ளியை வையுங்கள்.

## புள்ளி வட்டமாக இல்லை, ஓரம் பல்லிளிக்கிறது

பில்லோவின் வட்டம் வரையும் ஃபங்ஷன் ஓரத்தை மென்மையாக்காது. நாலு மடங்கு பெரிய தாளில் வரைந்து, பிறகு நாலில் ஒன்றாகச் சுருக்குங்கள். நீங்கள் தரும் சதுரத்தின் இரண்டு முனைப் பிக்சல்களையும் அது சேர்த்தே வரையும் என்பதால் சின்னப் புள்ளிகள் ஒரு பிக்சல் பெருத்துத் தெரியும். இதுவும் பெரிய தாளில் வரைந்தால் மறைந்துவிடும்.

வட்டம் சரி, ஆனால் சுற்றிலும் நிறக் கசிவு என்றால் ஜேபெக்காகச் சேமித்திருக்கிறீர்கள். ஜேபெக் வழக்கமாக நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்தே வைக்கும். நாலைந்து பிக்சல் புள்ளிக்கு அது தாங்காது. பிஎன்ஜி போதும். ஜேபெக்தான் வேண்டும் என்றால் ‘சப்சாம்பிளிங்’ மதிப்பைப் பூஜ்யமாக்குங்கள். கோப்பைச் செய்திச் செயலி வழியாகப் படமாக அனுப்பினால் அது மறுபடி ஜேபெக்காக்கி அழுத்திவிடக்கூடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

வலது ஓரத்திலும் கீழேயும் வெறும் பட்டை நிற்கிறதா? படத்தின் அகலமும் உயரமும் கட்டத்தால் மீதியின்றி வகுபடவில்லை. மீதியை இரண்டு பக்கமும் சமமாக வெட்டிவிடுங்கள்.

## மணிக்கணக்கில் ஓடுகிறது

4000க்கு 3000 படத்தில் 1.2 கோடி பிக்சல். ‘கெட்பிக்சல்’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சராசரி எடுத்தால் டீ குடித்துவிட்டு வரலாம். படத்தை ‘பாக்ஸ்’ முறையில் 200க்கு 150 ஆகச் சுருக்கினால் அந்த ஒவ்வொரு பிக்சலும் ஒரு 20 பிக்சல் கட்டத்தின் சராசரிதான்! வரைய வேண்டியது 30,000 புள்ளி. கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும்.

வேகம் சரி, ஆனால் நினைவகம் தீர்கிறது என்றால் அந்த நாலு மடங்குத் தாளைப் பாருங்கள். ஏ4 அளவு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலில், 2480க்கு 3508. நாலு மடங்கு என்றால் பிக்சல்கள் 16 மடங்கு, 13.9 கோடி, நினைவகத்தில் 418 எம்பி. அதைச் சேமித்து மறுபடி பில்லோவில் திறந்தால் ‘இது வெடிகுண்டுக் கோப்பாக இருக்கலாம்’ என்று எச்சரிக்கும். அதன் வரம்பு சுமார் 8.95 கோடி பிக்சல். இரண்டு மடங்கைத் தாண்டினால் திறக்கவே மறுக்கும். சொந்தமாகச் செய்த கோப்புதானே என்று அந்த வரம்பை ஏற்றிக்கொள்ளலாம். பட்டை பட்டையாக வரைந்து சுருக்கி ஒட்டுவது இன்னும் நல்லது.

பிக்சலாக இல்லாமல் ஒவ்வொரு வட்டத்தையும் எழுத்தாகக் குறித்து வைக்கும் எஸ்விஜி கோப்பாக எழுதுகிறவர்கள் கட்டத்தை 5 பிக்சலாக்கிப் பார்த்திருப்பீர்கள். 4,80,000 வட்டங்கள், ஒன்றுக்கு 60 எழுத்து என்றாலும் 28.8 எம்பி. பிரவுசர் மூச்சு வாங்கும். நிறங்களை 32 அல்லது 64ஆகக் குறைத்து, ஒரே நிறப் புள்ளிகளை ஒரு குழுவுக்குள் போட்டு நிறத்தைக் குழுவுக்கு ஒருமுறை மட்டும் எழுதுங்கள். ஆயத்தொலைவுகளில் ஒரு தசம இடம் போதும். பைத்தான் தரும் பதினைந்து இலக்கமும் யாருக்கும் வேண்டாம்.

## அச்சடித்துச் சுவரில் மாட்டினால் யாரென்றே தெரியவில்லை

அச்சில் இருட்டாகிவிட்டது என்றால் காகிதம் மையை உறிஞ்சி ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் பரவுகிறது. எந்தப் பிரின்டரில் எந்தத் தாளில் அடிக்கப் போகிறீர்களோ அதில் சாம்பல் பட்டையை முதலில் அடித்துப் பார்த்து, இருட்டுப் பக்கத்தில் ஆரத்தைக் குறையுங்கள். நான் இதைச் செய்யாமல் நேரே பெரிய தாளில் அடித்து, தாத்தாவின் மீசையும் சட்டைக் காலரும் ஒன்றாகிப்போன ஒரு படத்தைக் கடையிலிருந்து சுருட்டி எடுத்து வந்தேன்.

முகமே கூடிவரவில்லை என்றால் எண்ணிப் பாருங்கள். என் அனுபவத்தில், முகத்தின் குறுக்கே முப்பது புள்ளியாவது இல்லையென்றால் கண்கள் காணாமல் போகின்றன. மூலப்படத்தை முகத்தை ஒட்டி வெட்டுவதுதான் கட்டத்தைச் சிறிதாக்குவதைவிட நல்ல வழி.

அப்புறம், தூரம். நல்ல கண்ணுக்குப் பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிப் புள்ளிகள் அதற்குள் அடங்கிக் கலக்க சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். 3 மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டருக்கு மேல். நம் வீட்டுக் கூடத்தில் அவ்வளவு இடம் இருக்காது. ஆளை அடையாளம் காண அவ்வளவு தூரம் தேவையில்லை, புள்ளி என்பதே தெரியாமல் மறையத்தான் அது. ஆகவே ஸ்கிரிப்டுக்குக் கட்டத்தின் அளவைக் கொடுக்கும் முன், படம் மாட்டப்போகும் சுவருக்கும் எதிரே உட்காரும் இடத்துக்கும் இடையே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது 4.2 மீட்டர். தாத்தா படத்துக்கு இரண்டாம் முறை 1.2 மில்லிமீட்டரில் கட்டம் போட்டேன். மீசை திரும்ப வந்துவிட்டது.